ஓரெழுத்தும் ஈரொலியும்: ஆங்கில ஒலியமைப்பைத் தமிழ் மாணவர் அறிதல்

பேராக் மாநிலத்தின் வடமேற்கில் பாரிட் புந்தார் என்னும் ஊர் உள்ளது. அப்பெயரின் இரு சொற்களும் மலாயில் வெவ்வேறு ஒலிகளில் தொடங்குகின்றன. தமிழிலோ இரண்டிற்கும் பகரம் ஒன்றே. இதனைத் தமிழ் எழுத்தின் குறை என்பாரும் உளர். அக்கூற்று பொருந்துமா எனக் காண்போம்.

இதழ்கள் இயைந்து பிரிகையில் பகரம் பிறக்கும் என்பது தொல்காப்பியப் பிறப்பியல் கருத்து. அப்போது குரல்நாண்கள் அதிராவிடின் ஒலிப்பிலா ஒலியும், அதிரின் ஒலிப்புடை ஒலியும் தோன்றும். 'பல்', 'அப்பம்' என்பவற்றில் முன்னதும், 'கம்பம்' என்பதில் பின்னதும் கேட்கும். தமிழ்ச் சொற்களில் இவ்வேறுபாட்டைச் சொல்லில் எழுத்து நிற்கும் இடமே முடிவு செய்கிறது. அதனால் பொருள் வேறுபடுவதில்லை. ஆகவே இவை ஓர் ஒலியனின் மாற்றொலிகள். தமிழ் வல்லினத்தின் இவ்வியல்பைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் எடுத்துக்காட்டினார்.

ஆங்கிலத்தின் நிலை வேறு. குண்டூசியைக் குறிக்கும் சொல்லையும் குப்பைத்தொட்டியைக் குறிக்கும் சொல்லையும் நாம் 'பின்' என்றே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் முதலொலி மாறியதும் பொருளும் மாறுகிறது; எனவே அங்கு அவை இரண்டு ஒலியன்கள். அம்மொழிக்கு எழுத்துகள் 26. பிரித்தானியப் பொது உச்சரிப்பிலோ மெய்யொலியன்கள் 24, உயிரொலியன்கள் 20 எனக் கணக்கிடுவர்.

ஆங்கிலத்திலும் மாற்றொலிகள் உண்டு. சொல்முதலில் ஒலிப்பிலாப் பகரம் மூச்சு வெடிப்புடன் வரும். 'ஸ்பின்' என்பதில் ஸகரத்தின் பின் அவ்வெடிப்பு இராது. தமிழ்ப் பகரத்திற்கும் அது இல்லை. ஆதலால் நம் மாணவர் குண்டூசி என்னும் பொருளில் கூறுவது, ஆங்கிலச் செவிக்குக் குப்பைத்தொட்டியாகக் கேட்கக்கூடும்.

நம் ஊர்ப்பெயர்களும் இவ்வமைப்பை உணர்த்துகின்றன. ஈப்போ, தாப்பா என ஒற்றிரட்டித்து எழுதுவதால் ஒலிப்பிலா ஒலி காக்கப்படுகிறது. கம்பார் என்னும் பெயரிலோ, மலாயில் ஒலிப்பின்றி நிற்கும் ஒலி, மகரத்தை அடுத்து வருவதால் தமிழ் நாவில் ஒலிப்புடையதாகிறது.

ஆகவே, பால்மரத் தோட்டங்களிலிருந்து நகரத்திற்குக் குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை ஆங்கில ஒலிகளை மயங்கிக் கூறினால், அதனை அறிவுக்குறை எனக் கடிதல் முறையன்று. அப்பிள்ளை தாய்மொழியின் விதியைப் பிழையின்றிப் பின்பற்றுகிறது. ஆசிரியர் வாய்க்கு முன் மெல்லிய தாளொன்றைப் பிடித்து மூச்சு வெடிப்பைக் காட்டலாம். தொண்டையில் விரல் வைத்து அதிர்வை உணரச் செய்யலாம். தன் மொழியின் ஒலி ஒழுங்கை அறிந்த மாணவருக்குப் பிறமொழியின் ஒலி ஒழுங்கு எளிதில் வசப்படும்.