எண்ணப்பட்ட நீதியும் பந்தி வரிசையும்

சாத்தான்குளம் பக்கம் ‘விசுவாசம்’ என்ற சொல்லுக்கு இரண்டு புழக்கங்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஐயர் பிரசங்கிக்கிற விசுவாசம் ஒன்று. ‘தின்ன சோத்துக்கு விசுவாசம் வேண்டாமாலே’ என்று முதலாளி வேலையாளைக் கேட்கிற விசுவாசம் மற்றது. முன்னது நம்பிக்கை, பின்னது பணிவு. விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுதல் என்ற கோட்பாட்டை இங்கே பேசும்போது ஒன்று மற்றதற்குள் கசிந்துவிடுகிறது. கோட்பாடோ எஜமான விசுவாசத்தைக் கவிழ்க்கப் பிறந்தது.

அது சொல்வது இதுதான்: செயலாலோ ஆசாரத்தாலோ பிறப்பாலோ மனிதன் கடவுள் முன் நீதிமானாக நிற்க முடியாது. நீதி கடவுளுடையது, அவர் அதைக் கொடையாகத் தருகிறார், கிறிஸ்துவை நம்பி ஏற்பது மட்டுமே மனிதன் பக்கம். ஆபிரகாமின் நம்பிக்கை அவன் பெயரில் நீதியாக வரவு வைக்கப்பட்டது என்கிறார் பவுல். அங்கே அவர் கையாளும் கிரேக்கச் சொல் கணக்கேட்டுச் சொல். தமிழ் வேதாகமம் அதற்கு ‘எண்ணுதல்’ என்று போட்டது. அருமையான தேர்வு. தமிழில் எண்ணுவது கணக்கிடுவதும்தான், நினைப்பதும்தான். பற்று மட்டுமே ஏறிக்கிடக்கும் ஏட்டில் யாரோ ஒருவர் ‘வரவு’ என்று எழுதிவிடுகிறார். எழுதியவர் அவனை நினைத்ததால் எழுதினார்.

16ஆம் நூற்றாண்டில் லூத்தருக்கு நேர்ந்ததும் ஒரு வாசிப்புச் சிக்கல்தான். ‘கடவுளின் நீதி’ என்பதில் உள்ள ‘இன்’ உருபை என்ன செய்வது? கடவுள் தண்டிக்கும் நீதியா, கடவுள் தரும் நீதியா? இரண்டாவது என்று அவர் வாசித்தார், ஐரோப்பா இரண்டாகியது. லூத்தரன் சபைகளும் கத்தோலிக்கமும் இதில் அடிப்படை உடன்பாட்டுக்கு வந்தது 1999இல், ஆக்ஸ்பர்க்கில். (நம்மூரில் இந்தச் சண்டை வைணவத்துக்குள்ளேயே நடந்தாயிற்று. குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்கு நியாயம் வடகலைக்கு, தாயே குட்டியைக் கவ்வும் பூனை நியாயம் தென்கலைக்கு. ஆழ்வார்திருநகரி இங்கிருந்து வெகுதூரமில்லை.)

ஆனால் லூத்தர் வழி வாசிப்பு, பிரச்சினையைத் தனிமனித மனச்சாட்சிக்குள் அடைத்துவிட்டது. ஸ்தெந்தால் 1963இல் இதைச் சுட்டிக்காட்டினார். பவுல் கலாத்தியருக்கு எழுதியதன் பின்னணியில் இருப்பது பாவ உணர்வால் தூங்காத துறவி அல்ல, அந்தியோகியாவில் நடந்த ஒரு பந்தி. புறஇனத்தாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் இலையை விட்டு எழுந்து ஒதுங்கினார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். யார் யாரோடு உண்பது என்ற தகராறில் வைத்துத்தான் ‘நியாயப்பிரமாணத்தால் அல்ல, விசுவாசத்தால்’ என்கிறார். பண்டிகை அசனத்தில் பந்தி பார்த்த நெல்லைக் கிறிஸ்தவருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

இதே கோட்பாடு சாதிக்கும் அரண் ஆயிற்று. 1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாதென்று ஆணையிட்டார். லைப்சிக் மிஷனின் கார்ல் கிரவுல் வேறு வழி பிடித்தார்: இரட்சிப்பு விசுவாசத்தால் மட்டுமே, சாதி உலகக் காரியம், அதைக் கட்டாயப்படுத்தி ஒழிக்க வேண்டாம். நீதியை வானத்தில் ஏற்றிவிட்டால் பூமியில் வரிசை கலையாது.

எதிர்த்திசையில் போனவர் சட்டாம்பிள்ளை. 1799இல் முதலூர் உருவாகி அரை நூற்றாண்டு கழித்து, 1849இல் நாடார் சமூகத்தைப் பற்றிக் கால்டுவெல் எழுதிய நூல் அச்சமூகத்தைக் காயப்படுத்தியது. எஸ்.பி.ஜி. மிஷனை விட்டு வெளிவந்த அருமைநாயகம் என்கிற சட்டாம்பிள்ளை 1857இல் நாசரேத் அருகே பிரகாசபுரத்தில் இந்துக் கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். சனிக்கிழமை ஓய்வுநாள், பழைய ஏற்பாட்டு ஆசாரங்கள். எபிரேய வழக்கங்கள் வெள்ளைக்காரன் வழக்கத்தைவிட நம் வழக்கத்துக்கு நெருக்கம் என்பது வாதம். பவுல் கழற்றிவைத்த நியாயப்பிரமாணத்தை இவர் எடுத்து உடுத்திக்கொண்டார். இதைப் பிற்போக்கு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ‘விசுவாசம் மட்டும் போதும்’ என்று போதித்தவர்கள் கூடவே தங்கள் நாகரிகத்தையும் நிபந்தனையாக்கியிருந்தார்கள்; அதுவும் ஒரு நியாயப்பிரமாணம்தானே? ஆனால் ஆசாரச் சுவர் எழும்போது வெளியே நிற்பவன் யார் என்ற கேள்வி அவரையும் விடாது.

2020 ஜூனில் சாத்தான்குளம் காவல்நிலையத்தில் வதைக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்தார்கள். இருவரும் கிறிஸ்தவர்கள். நீதிமானாக்கப்படுதல் நீதிமன்ற உருவகம்: குற்றவாளியை நீதிபதி விடுவிக்கிறார். இங்கே நடந்தது அதன் தலைகீழ். ‘ஆண்டவர் பாத்துக்கிடுவாரு’ என்று அந்நேரம் நாவில் வருகிற ஆறுதல் கிரவுலின் பிரிவினையையே மறுபடி செய்கிறது. சபைகளில் ‘சாட்சி சொல்லுதல்’ என்றால் தான் இரட்சிக்கப்பட்ட கதையைச் சொல்வது. அந்த ஜூன் மாதக் கடைசியில், அதே நிலையத்தில் வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், தான் பார்த்ததை விசாரணைக்கு வந்த மாஜிஸ்திரேட்டிடம் சாட்சி சொன்னார்.