நெறி கட்டினால் நீவாதீங்க!

"வைத்தியரய்யா, தொடை இடுக்குல நெறி கட்டிருக்கு. ரெண்டு நாளா எண்ணெய் போட்டு நீவுறேன், கரைய மாட்டேங்குது!"

தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தார். "முதல்ல காலைக் காட்டுங்கம்மா" என்றேன். அவருக்கு ஆச்சரியம். உப்புத் தண்ணீரில் ஊறி வெடித்த குதிகாலில் சீழ் வைத்த புண்!

காலில் புண் என்றால் தொடை இடுக்கில் ஏன் வீங்குகிறது? காரணம், நிணநீர்.

இரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீர், திசுக்களுக்கு உணவூட்டுகிறது. அதில் மிச்சப்படுவதைச் சேகரித்து, கழுத்தடியில் உள்ள சிரைகளில் திரும்பச் சேர்ப்பவை நிணநீர்க் குழாய்கள். இதற்கு இதயம் போலத் தனி பம்பு கிடையாது. குழாய்களே மெல்லச் சுருங்கித் தள்ளும். நாம் நடக்கும்போது கெண்டைக்கால் சதை கைகொடுக்கும். மணிக்கணக்கில் நின்றாலோ, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாலோ பாதம் வீங்குவது இதனால்தான்.

வழியில் சோதனைச் சாவடிகளும் உண்டு. அவைதான் நிணநீர்க் கணுக்கள். உடம்பில் சுமார் 600 இருக்கின்றன. துறைமுக வாசலில் சரக்கைச் சோதிப்பது போல, கிருமியைப் பிடித்து நிறுத்தி, வெள்ளணுக்கள் அங்கே சண்டை போடுகின்றன. அந்தச் சண்டையின் வீக்கமே நெறி. அதைப் போட்டு நீவினால் வலிதான் கூடும். கவனிக்க வேண்டியது புண்ணை!

அலட்சியப்படுத்தினால்? கிருமித் தாக்குதல் திரும்பத் திரும்ப வந்தால் குழாய்கள் கெட்டு, கால் வீக்கம் நிரந்தரமாகிவிடும். கொசுக்கடியால் வரும் யானைக்கால் நோயின் புழு குடியேறுவதும் இதே குழாய்களில்தான்.

ஓர் உண்மையைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், கழுத்தில் நெறி கட்டிய ஒரு பையனுக்குப் பற்றுப் போட்டே ஒரு மாதத்தைக் கடத்திவிட்டேன். கடைசியில் அது காசநோய். நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். அன்றிலிருந்து பரிசோதனைக்கு அனுப்ப நான் தயங்குவதே இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை:

* கால் புண்ணை சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடையுங்கள்.

* உட்காரும்போது காலை உயர்த்தி வையுங்கள்.

* நெறியுடன் குளிர்காய்ச்சலோ, காலில் சிவப்புக் கோடோ தெரிந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

* வலியே இல்லாமல் கெட்டியாக இருந்தாலும், 2 வாரத்துக்கு மேல் கரையாவிட்டாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

அந்த அம்மாவை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். புண் ஆறியது, நெறியும் தானாக வடிந்தது. "நீவாமலே போயிடுச்சே ஐயா!" என்று சிரித்தார்.