தமிழ்க் கிறித்தவ நூல்களில் சிறுவரும் பெரியோரும்: வினா-விடை நூல் முதல் யாத்திரிகக் கதை வரை

முன்னுரை

தமிழில் அச்சேறிய தொடக்கக்கால நூல்கள் கிறித்தவ சமய நூல்களாகும். சிறுவர் நூல், பெரியோர் நூல் என்னும் இன்றைய பதிப்புலகப் பாகுபாடு அவற்றுக்குப் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. சிறுவர்க்கென எழுதப்பட்ட நூல் பெரியோரிடமும், பெரியோர்க்கென எழுதப்பட்ட நூல் சிறுவரிடமும் சென்று சேர்ந்த முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

பெரியோர் கற்ற சிறுவர் நூல்

1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கங்களே கொண்ட சிறுநூல். அதனை வெளியிட்ட ஹென்றிக் ஹென்றிக்ஸ் அடிகளார், அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' என்னும் விரிவான நூலை அச்சிட்டார். பின்னது மார்க்கோஸ் ஜோர்ஜ் அடிகளாரின் போர்ச்சுகீசிய நூலினது மொழிபெயர்ப்பு. மூலநூல் சிறுவர்க்குச் சமயம் கற்பிக்கும் நோக்கில், ஆசிரியரும் மாணாக்கரும் உரையாடும் வடிவில் அமைந்தது.

தமிழில் இந்நூல் வந்தடைந்த சூழல் வேறு. முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் பெருந்திரளாகக் கிறித்தவம் தழுவியிருந்தனர். தந்தையும் மகனும் ஒருங்கே புதிய சமயத்தின் அடிப்படைகளைக் கற்க வேண்டிய நிலை இருந்தது. அவர்களிடையே பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார், தாம் கற்பித்த மன்றாட்டுகளைச் சிறுவர் தம் பெற்றோர்க்கும் அண்டை வீட்டார்க்கும் சொல்லிக்கொடுக்குமாறு ஏவியதைத் தம் மடலொன்றில் குறிப்பிடுகிறார். இங்குச் சிறுவரே பெரியோர்க்கு ஆசிரியராயினர். ஆகவே, 'தொடக்கநிலை' என்பது வயதைக் குறிக்காமல் சமய அறிவின் படிநிலையைக் குறித்தது எனலாம்.

வீட்டுத் தலைவர் கையில் நூல்

சீர்திருத்தச் சபையினரிடமும் இப்போக்கினைக் காணலாம். 1529இல் வெளிவந்த மார்ட்டின் லூத்தரின் சிறிய ஞானோபதேசம், குடும்பத் தலைவர் தம் வீட்டார்க்குக் கற்பிப்பதற்கென எழுதப்பட்டது. அதில் படிப்பவர் பெரியவர். கேட்டு விடை கூறுவோர் பிள்ளைகளும் பணியாளரும் ஆவர். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றவர். அவரே பின்னர் இந்த ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார்.

இம்முறை தமிழர்க்கு முற்றிலும் புதியதன்று. இறையனார் களவியல் உரை கடாவும் விடையுமாக நடப்பது. ஆத்திசூடி குழந்தை மனனம் செய்வதற்கும் முதியவர் மேற்கோள் காட்டுவதற்கும் உரியதாக நிலைபெற்றது. செவிவழிக் கல்வி வேரூன்றிய சமூகத்தில் ஒரே நூல் இரு சாரார்க்கும் பயன்பட்டது இயல்பே.

யாத்திரிகக் கதையின் இரு வழிகள்

ஜான் பனியனின் யாத்திரிகக் கதை (1678) எதிர்த்திசையில் சென்ற நூலாகும். பெரியோரின் ஆன்மிகப் போராட்டத்தைக் கூறும் இவ்வுருவகம், பயணக் கதையாக அமைந்தமையால் சிறுவரையும் ஈர்த்தது. 1684இல் வந்த இரண்டாம் பாகத்தில், யாத்திரைப் பெண்ணின் நான்கு மைந்தரிடம் ஞானோபதேச வினாக்கள் கேட்கப்படுகின்றன; வினா-விடை நூல் கதைக்குள் புகுந்துவிடுகிறது. 1686இல் சிறுவர்க்கென வெளியிட்ட செய்யுள் நூலிலும், வயது முதிர்ந்தோரையும் சிறுவராகவே எண்ணி எழுதுவதாகப் பனியன் முன்னுரைக்கிறார்.

தமிழில் இக்கதை இரு வடிவம் பெற்றது. சாமுவேல் பவுல் ஐயரின் மொழிபெயர்ப்பு உரைநடையில் அமைந்து, செய்யுட்பயிற்சி இல்லாதவரும் படிக்க இடந்தந்தது. எச். ஏ. கிருட்டிணபிள்ளை (1827-1900) இதனைத் தழுவி, 'நற்போதகம்' இதழில் தொடராக எழுதி, 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என நூலாக்கினார். ஐந்து பருவங்களில் 3,700க்கும் மேற்பட்ட செய்யுள்கள் கொண்ட இக்காப்பியம் கம்பர் மரபில் தோய்ந்த புலமையாளரை நோக்கியது. கதை ஒன்றே, நடையே வாசகரைப் பிரித்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், தமிழ்க் கிறித்தவ நூல்களில் சிறுவர்க்கும் பெரியோர்க்கும் இடையிலான எல்லையை நூலின் பொருளைவிட, அது பயிலப்பட்ட இடமும் அதன் நடையும் வகுத்தன என்பது பெறப்படும். தலைப்பில் 'சிறுவர்' என்னும் சொல் உள்ளதா என்பதையே அளவுகோலாகக் கொண்டால், குழந்தை இலக்கிய வரலாறு கிரிசித்தியானி வணக்கத்தை இழந்துவிடும். வயதுவந்தோர் கல்வி வரலாறும் அதனை இழக்கும். மார்க்கோஸ் ஜோர்ஜின் இதே நூலைத் தழுவி 1590களில் ஜப்பானில் அச்சான பதிப்பில், மாணாக்கர் வினவ ஆசிரியர் விடையளிக்குமாறு பொறுப்புகள் மாற்றப்பட்டன. போர்ச்சுகீசிய மூலம், தமிழாக்கம், ஜப்பானியத் தழுவல் ஆகிய மூன்றிலும் வினவுவோர் யார், விடை கூறுவோர் யார் என ஒப்பிட்டு ஆராய்வது, தமிழ் அச்சின் முதல் வாசகரை இன்னும் தெளிவாக அறியத் துணைசெய்யும்.