வான்கோழி முட்டையும் இன்குபேட்டரும்: 28 நாள் கவனம்



சென்ற ஆண்டு நமது டிரஸ்டின் வட்டியில்லாக் கடன் திட்டத்தில், கணவரை இழந்த ஒரு சகோதரிக்குச் சிறிய இன்குபேட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். வான்கோழிக் குஞ்சு பொரித்து விற்றால் வீட்டிலிருந்தபடியே வருமானம் வரும் என்பது எண்ணம். முதல் தடவை 24 முட்டை வைத்தார்கள். 28ஆம் நாள் ஒன்றுமே நடக்கவில்லை. 30ஆம் நாள் மூன்று குஞ்சுகள் வந்தன. அவையும் கால் வலுவில்லாதவை. மற்ற முட்டைகளை உடைத்துப் பார்த்தபோது பாதிக்கு மேல் முழு வளர்ச்சி அடைந்த குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே இறந்து கிடந்தன.

"முட்டை சரியில்லை போலிருக்கு, கடனை எப்படி அடைப்பேன்?" என்று அந்தச் சகோதரி கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. முட்டையில் குறை இல்லை. பெட்டியின் திரையில் 37.6 டிகிரி என்று காட்டியது. சோதித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது 36.6 தான். இயந்திரத்தைக் கொடுத்த நாம், அதைச் சோதிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. அந்தக் குறையை நிவர்த்தி செய்யவே இந்தக் கட்டுரை.

முதலில் வெப்பமானியைச் சோதியுங்கள்

காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் எல்லார் வீட்டிலும் இருக்கும். ஒரு டம்ளரில் வெதுவெதுப்பான நீர் எடுத்து, அதையும் இன்குபேட்டரின் சென்சார் முனையையும் அருகருகே வையுங்கள். காய்ச்சல் தெர்மாமீட்டர் 99.5 பாரன்ஹீட் காட்டினால் பெட்டி 37.5 செல்சியஸ் காட்ட வேண்டும். வித்தியாசம் இருந்தால் எழுதி வைத்து, அந்த அளவுக்குக் கூட்டியோ குறைத்தோ அமைத்துக்கொள்ளுங்கள். முட்டை வைப்பதற்கு முன் ஒரு நாள் முழுவதும் பெட்டியைச் சும்மா ஓடவிட்டுப் பாருங்கள்.

ஃபேன் உள்ள பெட்டிக்கு 37.5 முதல் 37.7 டிகிரி சரியானது. ஃபேன் இல்லாத பெட்டியில் மேலே சூடும் கீழே குளிர்ச்சியுமாக இருக்கும். அதில் முட்டையின் மேல்மட்டத்தில் 38.3 முதல் 38.8 வரை இருக்க வேண்டும். ஒரு டிகிரி குறைந்தால் பொரிப்பு தாமதமாகி குஞ்சு நலிந்து போகும். ஒரு டிகிரி கூடினால் அதைவிடக் கேடு.

முட்டை தேர்வு

ஐந்து பெட்டைக்கு ஒரு சேவல் இருக்கும் இடத்தில் வாங்குங்கள். வான்கோழி பெரும்பாலும் பிற்பகலில்தான் முட்டையிடும். எனவே மாலையில் ஒருமுறை கட்டாயம் சேகரிக்க வேண்டும். விரிசல் விட்டது, கோணலானது, அழுக்கு அப்பியது வேண்டாம். கழுவவும் வேண்டாம், கழுவினால் ஓட்டின் மேலுள்ள பாதுகாப்புப் படலம் போய்க் கிருமி உள்ளே இறங்கும்.

சேர்த்து வைப்பது ஏழு நாளுக்கு மேல் போகக்கூடாது. நம் ஊர் வெயிலில் சாதாரண அறையில் வைத்தால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிக் கெட்டுவிடும். ஃப்ரிட்ஜின் குளிரும் ஆகாது. ஈர மணலின் மேல் வைத்த மண்பானை, அதை ஈரத்துணியால் மூடினால் போதும். கூர்முனை கீழே இருக்கட்டும். பெட்டியில் வைக்கும் முன் சில மணி நேரம் அறையில் வைத்து முட்டையின் குளிர்ச்சி போன பிறகு வையுங்கள்.

1 முதல் 25ஆம் நாள் வரை

கோழி முட்டைக்கு 21 நாள். வான்கோழிக்கு 28 நாள். இரண்டையும் ஒரே நாளில் சேர்த்து வைக்காதீர்கள். கோழிக்குஞ்சு பொரிக்கும் நேரத்தின் ஈரப்பதம் வான்கோழி முட்டைக்கு ஒத்துவராது.

முட்டையைத் திருப்பிவிடாமல் இருந்தால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். தானாகத் திருப்பும் வசதி இல்லாதவர்களுக்கு நம் வீட்டில் அருமையான கணக்கு இருக்கிறது: ஐந்து வேளைத் தொழுகை முடிந்ததும் ஒருமுறை. முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் கோடும் மறுபக்கம் வட்டமும் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து ஒற்றைப்படை என்பதால், நீண்ட இரவு நேரத்தில் ஒருநாள் ஒரு பக்கமும் மறுநாள் மறு பக்கமும் மேலே இருக்கும். கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள்.

ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம் இருக்கட்டும். 25 நாளில் முட்டை தன் எடையில் ஏறத்தாழ 12 சதவீதம் இழக்க வேண்டும். 85 கிராம் முட்டை சுமார் 75 கிராமுக்கு வர வேண்டும். தராசு இருந்தால் வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறையவில்லை என்றால் தண்ணீர் அதிகம் என்று பொருள்.

10ஆம் நாள் இருட்டறையில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலச் சிவப்பு நரம்பு தெரிந்தால் உயிர் இருக்கிறது. வெறுமையாகத் தெரிவது கூமுட்டை. இரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு இறந்துவிட்டது. இரண்டையும் அப்புறப்படுத்துங்கள். அவற்றைச் சமைக்கவோ விற்கவோ வேண்டாம்.

மின்சாரம் போனால் மூடியைத் திறக்காதீர்கள். காற்றுத் துளையை விட்டுவிட்டு மற்ற இடத்தைப் போர்வையால் மூடுங்கள். சில மணி நேரத்தில் எல்லாம் போய்விடாது. பொரிப்பு ஒரு நாள் தள்ளிப் போகலாம். அவசரப்பட்டு முட்டையைத் தூக்கி எறிய வேண்டாம்.

கடைசி மூன்று நாள்

25ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்துங்கள். நீர்த்தட்டை நிரப்பி ஈரப்பதத்தை 65 முதல் 75 வரை உயர்த்துங்கள். காற்றுத் துளைகள் திறந்திருக்கட்டும். பிறகு மூடியைத் தொடாதீர்கள். பிள்ளைகள் "ஒரு தடவை பார்க்கிறோம்" என்பார்கள். திறந்தால் ஈரம் வெளியேறி உட்சவ்வு காய்ந்து, குஞ்சைப் பிடித்துக்கொள்ளும். ஓட்டில் துளை விழுந்த பிறகும் வெளிவர ஒரு நாள் ஆகலாம். இரக்கப்பட்டு ஓட்டை உரித்தால் இரத்தம் கசிந்து குஞ்சு சாகும். மஞ்சள் கரு உள்ளே இழுக்கப்பட்டிருப்பதால் குஞ்சு ஒரு நாள் தீனியின்றித் தாங்கும். இறகு உலர்ந்த பிறகே வெளியே எடுங்கள்.

குஞ்சு வந்த பிறகு

வான்கோழிக் குஞ்சுக்குத் தானாகத் தீனி தேடத் தெரியாது. தீனி பக்கத்தில் இருக்கும்போதே பட்டினியால் சாகும். ஒவ்வொன்றின் அலகையும் தண்ணீரில் ஒருமுறை தொட்டு எடுங்கள். தண்ணீரிலும் தீனித்தட்டிலும் வண்ணக் கோலிகளைப் போட்டால் கொத்திப் பழகும். அவித்த முட்டையைப் பொடியாக நறுக்கிக் கொடுக்கலாம். முதல் நான்கு வாரத் தீனியில் புரதம் 28 சதவீதம் வேண்டும். சாதாரணக் கோழித்தீவனம் போதாது. முதல் வாரம் 35 டிகிரி வெப்பம், பிறகு வாரம் 3 டிகிரி குறையுங்கள். வழுக்கும் காகிதத்தை விரிக்காதீர்கள். கால் விலகிப் போகும்.

நாட்டுக்கோழியோடு சேர்த்து வளர்க்காதீர்கள். கோழிக்குப் பெரிதாகத் தொல்லை தராத கரும்தலை நோய் வான்கோழியைக் கொல்லும். தடுப்பூசிக்கு அருகிலுள்ள அரசுக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மாவட்டப் பயிற்சி மையங்களிலும் ஆலோசனை கிடைக்கும்.

அந்தச் சகோதரி வெப்பமானியைச் சரிசெய்து இரண்டாம் தடவை 20 முட்டை வைத்தார்கள். நான்கு கூமுட்டை போக, 13 குஞ்சுகள் வந்தன, அல்ஹம்துலில்லாஹ். முதல் தடவை முட்டைக்கான செலவை டிரஸ்ட் ஏற்றுக்கொண்டது. அது நம் பொறுப்பு. இனி இன்குபேட்டர் கடன் பெறுவோர், முட்டை வாங்குவதற்கு முன் பெட்டியை ஒரு நாள் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்தே சோதித்துப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்