ஒரு விளக்குக் கம்பத்துக்கு எவ்வளவு பாறை?

மேலப்பாளையத்தில் சாலையோரம் ஒரு தெருவிளக்குக் கம்பம் நடவேண்டும் என்றால், குழி தோண்டி, போல்ட் கம்பிகளை நிறுத்தி, கான்கிரீட் கொட்டுவதுதான் இன்றைய வழக்கம். அரை கன மீட்டர் குழிக்கு எம்20 கலவை போட மூன்று மூட்டை சிமெண்ட் போதாது. ஜல்லியும், பாறையை அரைத்து எடுக்கும் எம்-சாண்டும் சேர்ந்து ஒரு டன்னை நெருங்கும். நிற்பதோ ஒற்றைக் கம்பம்.

சிமெண்டின் கார்பன் கணக்கு சூளையில் எரிக்கும் கரியோடு முடிவதில்லை. 100 கிலோ சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயு அந்தக் கல்லிலிருந்தே வெளியேறும். எந்த எரிபொருளுக்கு மாறினாலும் இது குறையாது. ஆகவே, அடித்தளத்தில் சிமெண்டைக் குறைப்பதே நேர்வழி.

வழி நம் தெருவிலேயே இருக்கிறது. ஈபி கம்பத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கை மண்ணுக்குள் இறக்குவார்கள். ஒன்பது மீட்டர் கம்பத்துக்கு ஒன்றரை மீட்டர். சுற்றிலும் கல்லும் மண்ணும் அடுக்கடுக்காகப் போட்டுக் கடப்பாரையால் இடித்து இறுக்குவார்கள். இளகிய மண்ணில்தான் கான்கிரீட் தேவைப்படும்.

அந்த இளகிய மண்ணுக்கும் மாற்று உண்டு: திருகு அடித்தளம். இரும்புத் தண்டில் சுருள் தகடு பற்றவைத்து, இயந்திரத்தால் தரைக்குள் முறுக்கி இறக்குவது. அயர்லாந்தின் பார்வையற்ற பொறியாளர் ஒருவர் 1833இல் காப்புரிமை பெற்ற முறை இது. கடலோரச் சேற்றில் கலங்கரை விளக்கங்களையே தாங்கியது. தோண்டிய மண்ணை அள்ள வேண்டாம், கான்கிரீட் இறுக நாள்கணக்கில் காத்திருக்க வேண்டாம். சாலையை அகலப்படுத்தும்போது திருப்பிக் கழற்றி வேறிடத்தில் நடலாம். கான்கிரீட் கட்டியை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பெரும்பாலும் மண்ணிலேயே விட்டுவிடுகிறார்கள்.

பாறைத் தரையில் திருகு இறங்காது, இரும்புக்கும் கார்பன் உண்டு என்பார்கள். உண்மைதான். ஆனால் பாளையங்கால்வாய்க் கரையிலும் வயலோரச் சாலைகளிலும் இருப்பது பாறையல்ல.

எனக்குக் கார்பனைவிடப் பெரிய கவலை அந்த ஒரு டன் கல்லும் எம்-சாண்டும்தான். தாமிரபரணியில் மணல் அள்ள நீதிமன்றம் தடை விதித்த பிறகு பாரமெல்லாம் பாறைகள்மேல் இறங்கிவிட்டது. ஆற்றைக் காப்பாற்றினோம், குன்றுகளை யார் காப்பது? மேலப்பாளையத்துக்குத் தெற்கே, முன்னீர்பள்ளம் பக்கம் அடைமிதிப்பான்குளத்தில், 2022 மே 14 இரவு குவாரிப் பாறை சரிந்து ஆறு தொழிலாளர்கள் சிக்கினார்கள். நான்கு பேர் உயிரோடு திரும்பவில்லை. அந்தச் செய்தியைச் சில வாரங்களில் மறந்துவிட்டோம், ஜல்லி லாரிகள் மட்டும் நிற்கவில்லை. பாலத்துக்கும் வீட்டுக்கும் கல் வேண்டும், மறுக்கவில்லை. அறிவிப்புப் பலகைக்கும் சோலார் விளக்குக்கும் அதே கல்லை ஏன் உடைக்க வேண்டும்?

எஸ்டிமேட்டில் "பி.சி.சி." (கம்பியில்லாத சிமெண்ட் கான்கிரீட்) என்ற வரி பழக்கத்தால் ஏறிவிடுகிறது. எஸ்டிமேட் போடுபவர்கள் கால்வாய்க் கரையில் அடுத்து நடும் கம்பங்களில் சிலவற்றைத் திருகில் நிறுத்தி, இழுத்துப் பார்த்து, தாங்கும் பாரத்தைப் பதிவு செய்யட்டும். மழைக்காலம் முடிந்ததும் மறுபடி இழுத்துப் பார்க்கட்டும்.