தண்ணீர் ரெயிலையே குடித்துவிடும் 'டம்ளர்' கசிவு! காட்டிக் கொடுக்க வந்தாச்சு மீட்டர்

ஜோலார்பேட்டையில் இருந்து சென்னைக்கு ரெயில் ஏறுகிறவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கம்தான். ஏலகிரி பின்னால் போனதும் வலது பக்கம் நீளமாக ஜவ்வாது மலை வரும்.

செய்யாறும் கமண்டல நதியும் பிறக்கிற மலை அது. பிறந்து என்ன? மழை பெய்தால்தான் தண்ணி. ஜமுனாமரத்தூர் பக்கத்து பீமன் அருவிகூட கோடை வந்தால் மெலிந்துவிடும்.

அந்த மலைச்சீமையில் இருந்துதான் 2019-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி சென்னைக்கு முதல் தண்ணீர் ரெயில் கிளம்பியது.

ஞாபகம் இருக்கிறதா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் காய்ந்து கிடந்த வருஷம். குடத்தோடு ராத்திரியெல்லாம் லாரிக்குக் காத்துக் கிடந்தார்கள் ஜனங்கள். அரசு 65 கோடி ரூபாய் ஒதுக்கி ரெயிலை ஓட்டியது.

மேட்டூர் காவேரித் தண்ணி அது. குழாயில் வந்து, ஜோலார்பேட்டையில் ரெயில் ஏறி, வில்லிவாக்கத்தில் இறங்கி, கீழ்ப்பாக்கத்தில் சுத்தமாகி, அப்புறம்தான் தெருவுக்கு வந்தது. 'எங்களுக்கே பத்தலையே' என்று வேலூர் பக்கம் எழுந்த முணுமுணுப்பும் நியாயமானதுதான்.

50 வேகன். மொத்தம் 25 லட்சம் லிட்டர்.

டம்ளர் கணக்கு

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பாத்ரூம் பிளஷ் தொட்டியில் ரப்பர் தேய்ந்து போய், நிமிஷத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி, சத்தமில்லாமல் ஒழுகுகிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 288 லிட்டர்! நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசாங்க அளவு. இரண்டு பேர் பங்கு சாக்கடைக்குப் போய்விட்டது.

இப்படி 8,680 வீட்டில் ஒழுகினால் போதும். அந்த முழு ரெயிலும் தினம் ஒரு தடவை காலி!

தெருக்குழாய் உடைந்தால் பத்து பேர் சத்தம் போடுவார்கள். வீட்டுக்குள் ஒழுகினால் யாருக்குத் தெரியும்? சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்கு மீட்டரே கிடையாது. எவ்வளவு செலவானாலும் ஒரே கட்டணம்தான்.

வேடிக்கையைப் பாருங்கள். இதே ஜவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ம் ஆண்டில் இருந்து நிற்கிறது. கோடானுகோடி மைல் தாண்டி வருகிற நட்சத்திர வெளிச்சத்தைத் துளித்துளியாக அளக்கிறார்கள். நம்ம வீட்டுத் தொட்டியில் இறங்குகிற தண்ணியை அளக்க ஆள் இல்லை!

ராத்திரி 2 மணி

அந்த வேலைக்குத்தான் இப்போது மீட்டர் வருகிறது. பழைய மீட்டருக்குள் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். தண்ணி ஓடினால் சுற்றும். புது மீட்டரில் சக்கரமே இல்லாத ரகமும் உண்டு. காதுக்குக் கேட்காத ஒலியைக் குழாய்க்குள் போகிற திசையிலும் எதிர்த்திசையிலும் அனுப்பும். ஓட்டத்தோடு போகிற ஒலி முந்தி வரும், எதிர்த்துப் போவது பிந்தும். அந்த வித்தியாசத்தை வைத்து எத்தனை லிட்டர் என்று சொல்லிவிடும். கணக்கு நேராக செல்போனுக்கு வந்துவிடுகிறது.

கசிவைப் பிடிக்கிற சூட்சுமம் ராத்திரியில் இருக்கிறது. 2 மணி முதல் 4 மணி வரை ஊரே தூங்குகிறது. யாரும் குளிப்பதில்லை, பாத்திரம் கழுவுவதில்லை. அப்போதும் விடாமல் ஒரே சீராகத் தண்ணி ஓடுகிறதா? எங்கேயோ ஓட்டை!

1980-ம் ஆண்டிலேயே பிரிட்டனில் இந்த ராத்திரிக் கணக்கை வைத்துப் பேட்டை பேட்டையாகக் கசிவைத் தேடும் முறையை அறிக்கையாகப் போட்டுவிட்டார்கள். டோக்கியோவில் ஊழியர்கள் ராத்திரியில் இரும்புத் தடியை ஒரு முனை குழாயிலும் மறுமுனை காதிலும் வைத்துக் கேட்டபடி தெருத்தெருவாகப் போவார்கள். 1950-களில் அங்கே 20 சதவீதத் தண்ணீர் கசிந்தது. இப்போது சுமார் 3 சதவீதம்தான். நம்ம ஊர் நகரங்களில் கணக்கில் வராமல் போவது பாதிக்குப் பாதி என்றுகூட மதிப்பிடுகிறார்கள். அதில் கசிவும் உண்டு, திருட்டும் உண்டு.

2019-ல் பட்ட பாட்டுக்கு அப்புறம் சென்னை அடுக்குமாடிகள் பலவற்றில் மீட்டர் ஏறியது. சங்கடமும் இல்லாமல் இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரே குழாய் என்றால் ஒரு மீட்டர் போதும். நம்ம கட்டிடங்களிலோ சமையலறைக்கு ஒன்று, ஒவ்வொரு பாத்ரூமுக்கும் ஒன்று என்று மேலிருந்து தனித்தனிக் குழாய் இறங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் மீட்டர் போட்டால் செலவு கையைக் கடிக்கும்.

பென்சில் போதும்

வாடகை வீட்டுக்காரர் என்ன செய்வது? காசு செலவில்லாத வழி இருக்கிறது. மீட்டர் இருக்கிற வீடானால், படுக்கும் முன் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். ராத்திரி யாரும் தண்ணி புழங்கக் கூடாது. காலையில் எண் மாறியிருந்தால் ஒழுகுகிறது.

மீட்டர் இல்லையா? பிளஷ் தொட்டித் தண்ணியில் கொஞ்சம் சாயம் கலந்து, கால் மணி நேரம் யாரும் இழுக்காமல் விடுங்கள். கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால் ரப்பர் போச்சு.

இன்னொன்று: படுக்கும் முன் பிளஷ் தொட்டிக்கு வருகிற வால்வை மூடிவிட்டு, உள்ளே தண்ணி நிற்கிற மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு. காலையில் தண்ணி கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் பிளம்பரைக் கூப்பிட வேண்டியதுதான்.