நூறு வயது தாண்டிய தோட்டா!

கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போகும் வழியில் இருக்கிறது வலங்கைமான். வெடிக்குப் பேர் போன ஊர். தீபாவளி நெருங்கினால் சுற்றுப்பட்டு ஜனங்கள் பையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடுவார்கள்.

ஊரின் பெயரிலேயே ஒரு மான் இருக்கிறது. சிவபெருமான் பொதுவாக இடக்கையில் மானை ஏந்தியிருப்பார். இங்கே வலக்கையில் ஏந்தினார்; அதனால்தான் இந்தப் பெயர் என்பார்கள்.

ஒரு பக்கம் வெடிமருந்து. இன்னொரு பக்கம் மான். இரண்டையும் சேர்த்து நினைத்தால் வேட்டை ஞாபகம் வருகிறது அல்லவா?

வேட்டைக்காரர்கள் உலகில் ஒரு தோட்டா உண்டு. அது பிறந்த ஆண்டு 1892. அதற்குப் பிறகு எத்தனையோ புதுத் தோட்டாக்கள் வந்தன. பல, வந்த சுவடு தெரியாமல் மறைந்தன. இது மட்டும் மறையவில்லை. இன்றும் வெளிநாட்டுக் கடைகளில் விற்கிறது. இன்றும் இதற்கென்றே புதுத் துப்பாக்கி செய்கிறார்கள்.

அப்படி என்ன இருக்கிறது இந்தத் தோட்டாவில்?

வெடியும் தோட்டாவும்

முதலில், தோட்டா என்பது என்ன?

வெடியில் திரியைக் கொளுத்துகிறோம். மருந்து எரிகிறது. உள்ளே புகை பெருகுகிறது. காகிதச் சுற்று தாங்காமல் நாலா பக்கமும் சிதறுகிறது. 'டமார்' என்கிறது.

தோட்டாவிலும் மருந்துதான். ஆனால் அது நாலா பக்கமும் சிதற முடியாது. சுற்றிலும் இரும்புக் குழல். பின்னால் கெட்டியான அடைப்பு. புகை வெளியேற முன்பக்கம் ஒன்றுதான் வழி. அந்த வழியை ஒரு குண்டு அடைத்துக்கொண்டிருக்கிறது. புகை குண்டை உந்தித் தள்ளிக்கொண்டு பாய்கிறது.

தோட்டாவுக்கு நான்கு உறுப்புகள். பித்தளைக் கூடு ஒன்று. அதன் அடியில் பொட்டு வைத்தாற்போல் ஒரு கேப்பு. கூட்டுக்குள் மருந்து. கூட்டின் வாயில் குண்டு. விசையை இழுத்தால் ஊசி கேப்பில் தட்டும். கேப்பு பொறி தரும். மருந்து எரியும். குண்டு பறக்கும்.

பழைய நாட்டுத்துப்பாக்கியில் இந்தச் சௌகரியம் கிடையாது. நரிக்குறவர் தோளில் அந்தத் துப்பாக்கி தொங்கியதை நம் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்ட வேண்டும். துணியோ நாரோ வைத்துக் கெட்டிக்க வேண்டும். அப்புறம் ரவை போட வேண்டும். ஒரு முறை சுட்டால், மறு முறை சுடுவதற்குள் கொக்கு அடுத்த வயலுக்குப் போய்விடும். மழை பெய்தால் மருந்தும் நமுத்துவிடும்!

புகையில்லா மருந்து

அந்தக் காலத்து மருந்து வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் கலந்தது. கறுப்பு மருந்து என்று பெயர். சுட்டால் புகை மண்டும். சுட்டவனுக்கே எதிரில் இருப்பது தெரியாது.

1884-ல் பிரான்சு நாட்டு ரசாயன நிபுணர் பால் வியேல் புகை அதிகம் இல்லாத புது மருந்தைக் கண்டுபிடித்தார். அதன் வேகமும் அதிகம். குண்டைச் சிறிதாகச் செய்தாலும் போதும் என்றாயிற்று.

ஜெர்மனியில் பால் மௌசர் என்று ஒரு துப்பாக்கி நிபுணர் இருந்தார். புது மருந்தை வைத்து அவர் 1892-ல் ஒரு தோட்டாவை உருவாக்கினார். குண்டின் குறுக்களவு ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். அதாவது, பள்ளிப் பிள்ளைகள் எழுதும் பென்சிலின் பருமன்! பித்தளைக் கூட்டின் நீளம் 57 மில்லிமீட்டர். அதனால் '7-க்கு 57' என்று பெயர் வைத்தார்கள்.

நம் கதாநாயகன் இவன்தான்.

போர்க்களத்தில்

இவன் பிறந்தது வேட்டைக்கு அல்ல. போருக்கு!

1893-ல் ஸ்பெயின் நாட்டு ராணுவம் இந்தத் தோட்டாவை ஏற்றது. பிறகு தென்னாப்பிரிக்காவில் இருந்த போயர்கள் இதற்கான துப்பாக்கிகளை வாங்கிக் குவித்தார்கள். போயர்கள் பெரும்பாலும் விவசாயிகள். 1899 முதல் 1902 வரை அவர்கள் ஆங்கிலேயருடன் போரிட்டார்கள். வெகு தூரத்திலிருந்து குறி தவறாமல் சுட்டு, பெரிய சாம்ராஜ்யத்தின் படையைத் திணற அடித்தார்கள்.

அந்தப் போரில் காயம்பட்ட ஆங்கிலேயச் சிப்பாய்களைத் தூக்கிச் சுமந்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? நம் காந்தியடிகள்! அங்கிருந்த இந்தியர்களைச் சேர்த்து அவர் ஓர் ஆம்புலன்ஸ் படை அமைத்திருந்தார். அவர்கள் சுமந்த காயங்களில் பல, இந்த 7 மில்லிமீட்டர் குண்டு செய்தவை.

அடி வாங்கிய ஆங்கிலேயர்களே பிறகு இந்தத் தோட்டாவை விரும்பினார்கள். லண்டனில் 'ஜான் ரிக்பி' என்ற துப்பாக்கி நிறுவனம் உண்டு. மிகப் பழைய நிறுவனம். அது இந்தத் தோட்டாவுக்கு ஆங்கில அங்குலக் கணக்கில் வேறு பெயர் சூட்டியது. 7 மில்லிமீட்டர் என்பது ஓர் அங்குலத்தில் .275 பாகம். ஆகவே '.275 ரிக்பி' என்றானது.

அந்தப் பெயரில்தான் அது இந்தியக் காட்டுக்குள் நுழைந்தது.

436 உயிர்கள்

இமயமலை அடிவாரத்தில் சம்பாவத் என்று ஓர் ஊர். நேபாள எல்லைப் பக்கம். 1907-ல் அந்த வட்டாரமே நடுங்கிக்கொண்டிருந்தது. காரணம் ஒரு பெண் புலி. நேபாளத்திலும் இந்தியாவிலும் சேர்த்து 436 பேரை அது கொன்றதாகக் கணக்கு.

விறகு பொறுக்கப் போன பெண் திரும்பவில்லை. புல் அறுக்கப் போனவர் திரும்பவில்லை. ஜனங்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தார்கள். விளைந்த கதிரை அறுக்க ஆள் இல்லை.

அந்தப் புலியைச் சுட வந்தவர் ஜிம் கார்பெட். நைனிதாலில் 1875-ல் பிறந்தவர். ரயில்வேயில் வேலை. கங்கைக் கரையில் சரக்கு மாற்றும் பணி. சம்பளம் வாங்கிக்கொண்டு புலி சுட வந்தவர் அல்ல.

கார்பெட்டிடம் அன்று இருந்தது வேறொரு பெரிய துப்பாக்கி. கொண்டுபோன தோட்டாக்கள் மூன்றே மூன்று. மூன்றும் தீர்ந்தன. புலி விழவில்லை. பக்கத்திலிருந்த தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு ஓடினார். அந்தக் கடைசி வெடியோடு கதை முடிந்தது.

செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தார் கார்பெட். வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேல் பல் பாதி. கீழ்ப் பல் எலும்பு வரை. எப்போதோ, யாரோ சுட்ட குண்டு! அந்தக் காயத்தால் புலிக்கு மானைப் பிடித்துக் கொல்ல முடியாமல் போயிற்று. அதனால் மனிதனைத் தேடி வந்தது.

யோசித்துப் பாருங்கள். எவனோ ஒருவன் குறி தவறிச் சுட்டான். காயம்பட்ட புலியைத் தேடிப் போகாமல் விட்டான். அதற்கு 436 குடும்பங்கள் அழுதன.

பரிசாக வந்த துப்பாக்கி

புலியைக் கொன்ற கார்பெட்டுக்கு, ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஹியூவெட் ஒரு துப்பாக்கியைப் பரிசளித்தார். அதுதான் .275 ரிக்பி. வெள்ளித் தகட்டில் விவரம் பொறித்துத் துப்பாக்கிக் கட்டையில் பதித்துக் கொடுத்தார்கள்.

இந்தத் துப்பாக்கி கார்பெட்டின் கையை விட்டு இறங்கவே இல்லை. லேசானது. மலையேறச் சுகமானது.

கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரை போகிறவர்கள் ருத்ரப்பிரயாகையைக் கடந்துதான் போக வேண்டும். 1918 முதல் 1926 வரை எட்டு ஆண்டுகள் அந்தப் பாதையில் ஒரு சிறுத்தை மனித வேட்டை ஆடியது. சர்க்கார் கணக்கில் மட்டும் 125 பேர் பலி. பொறி வைத்தார்கள். விஷம் வைத்தார்கள். சிறுத்தை எல்லாவற்றிலும் தப்பியது.

கார்பெட் ஒரு மாமரத்தில் ஏறி உட்கார்ந்தார். கீழே ஓர் ஆடு. அதன் கழுத்தில் மணி. இரவுக்கு இரவு காத்திருந்தார். 1926 மே மாதத் தொடக்கம். கும்மிருட்டு. திடீரென்று ஆட்டு மணி கலகலத்தது. டார்ச் விளக்கை அமுக்கினார். வெளிச்சத்தில் சிறுத்தை! உடனே சுட்டார். அதற்குள் விளக்கு மங்கி அணைந்துவிட்டது. பட்டதா, தவறியதா? விடியும் வரை மரத்திலேயே இருந்தார்.

விடிந்தது. சிறுத்தை செத்துக் கிடந்தது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆட்டுக்குக் கார்பெட் பித்தளையில் கழுத்துப் பட்டை செய்து போட்டார்!

சிறுத்தையை முடித்தது அந்தப் பரிசுத் துப்பாக்கியே என்று ரிக்பி நிறுவனத்தார் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். கார்பெட்டின் புலிக் கதைகளைத் தஞ்சை மண்ணின் எழுத்தாளர் தி.ஜ.ர. தமிழில் தந்தார். அதனால் நம் வீடுகளுக்குள்ளும் அந்த மலைக்காடு வந்தது.

நிலைத்தது ஏன்?

பெரிய மிருகத்துக்குப் பெரிய தோட்டாதானே வேண்டும்? அப்படித்தான் பலரும் எண்ணினார்கள். அதில் ஒரு சங்கடம் இருந்தது.

குண்டு முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பெரிய தோட்டா என்றால் பெரிய உதை. தோள்பட்டை வீங்கிவிடும். இரண்டு தடவை உதை வாங்கியவன் மூன்றாம் தடவை விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொள்வான். தோளைச் சுருக்குவான். குறி தவறும். மிருகம் சாகாது. காயத்தோடு ஓடும். சம்பாவத் கதை மறுபடியும் நடக்கும்!

.275 தோட்டாவின் உதை குறைவு. சுடுகிறவன் பயப்படாமல் குறி பார்க்கலாம். குண்டின் எடை சுமார் 9 கிராம்தான். ஆனால் வினாடிக்கு ஏறக்குறைய 800 மீட்டர் பாயும். சத்தத்தை விட இரண்டு மடங்கு வேகம்! குண்டு ஒல்லியாகவும் நீளமாகவும் இருப்பதால் ஆழமாக இறங்கும்.

கதிர் அறுக்கிறவர்களைக் கேட்டால் இந்த விஷயம் புரியும். பெரிய வெட்டரிவாளைக் கொண்டு யாரும் நெல் அறுப்பதில்லை. கைக்கு அடங்கிய கருக்கரிவாள்தான் நாள் முழுவதும் உழைக்கும். கனமான ஆயுதம் பார்வைக்கு மிரட்டும். காரியம் செய்வது கைக்கு ஏற்ற ஆயுதம்!

1904-ல் அமெரிக்காவில் '.405 வின்செஸ்டர்' என்று ஒரு முரட்டுத் தோட்டா வந்தது. ஓசூர் பக்கத்து ஜவளகிரிக் காட்டில் ஆட்கொல்லிப் புலியைச் சுட்ட கென்னத் ஆண்டர்சனுக்குப் பிடித்த தோட்டா அதுதான். அத்தனை பேர் எடுத்தும் அதைச் செய்வது இடையில் பல ஆண்டுகள் நின்றுபோயிற்று. அதற்கு 12 ஆண்டு மூத்தவனான .275 நிற்கவே இல்லை.

கறையும் உண்டு

இந்தத் தோட்டாவின் கதையில் பெருமை மட்டும் இல்லை.

ஆப்பிரிக்காவில் பெல் என்று ஒரு வேட்டைக்காரர் இருந்தார். யானை மண்டையை அறுத்துப் பார்த்து, மூளை எங்கே இருக்கிறது என்று படித்தார். சரியான இடத்தில் பட்டால் சிறு குண்டு போதும் என்று கண்டார். தந்தத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அவற்றில் பெரும்பாலானவை விழுந்தது இந்தச் சிறு தோட்டாவுக்கே!

ருத்ரப்பிரயாகையில் ஊரைக் காத்ததும் அதே தோட்டா. ஆப்பிரிக்காவில் யானைக் கூட்டத்தை அழித்ததும் அதே தோட்டா. அதற்கு நல்லது கெட்டது தெரியாது. பிடித்த கைக்குத்தான் தெரிய வேண்டும்.

கார்பெட்டுக்குத் தெரிந்திருந்தது. பின்னாளில் அவர் துப்பாக்கியைக் குறைத்து, காமிராவைத் தூக்கினார். புலி அழிந்தால் நாட்டின் அழகே போய்விடும் என்று எழுதினார். 1936-ல் இமயமலை அடிவாரத்தில் அமைந்த தேசியப் பூங்காவுக்கு, பிறகு அவர் பெயரையே சூட்டினார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டை முடிந்தது. 1973-ல் புலிகளைக் காக்கும் திட்டம் கார்பெட் பூங்காவில்தான் தொடங்கியது. 2006-ல் நாட்டில் இருந்த புலிகள் 1,411 என்று கணக்கிட்டார்கள். 2022 கணக்கில் அது 3,682 ஆக உயர்ந்தது.

திரும்பி வந்தது

கார்பெட் 1947-ல் கென்யாவுக்குக் குடிபோனார். 1955-ல் அங்கேயே காலமானார். அவருடைய துப்பாக்கி, அவர் நூல்களை வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தாரிடம் போய்ச் சேர்ந்தது. 2015-ல் அதைச் செய்த ரிக்பி நிறுவனமே திரும்ப வாங்கியது. 2016-ல் இந்தியாவுக்கும் கொண்டுவந்து காட்டினார்கள். வந்தது சுடுவதற்கு அல்ல, மக்கள் பார்ப்பதற்கு!

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மான் வேட்டைக்குச் சட்டம் அனுமதிக்கிற இடங்களில் அந்தத் தோட்டா இன்னும் வெடிக்கிறது. தாத்தா சுட்ட துப்பாக்கியைப் பேரன் எடுத்துப் போகிறான்.

நம் டெல்டாவில் மானைப் பார்க்க வேண்டுமானால் கோடியக்கரைக்குப் போகலாம். 1967-ல் அங்கே சரணாலயம் அமைத்தார்கள். முறுக்குக் கொம்போடு வெளிமான்கள் கூட்டமாக மேய்கின்றன. துப்பாக்கிச் சத்தத்துக்கு அஞ்சி ஓட வேண்டிய காலம் அவற்றுக்குப் போய்விட்டது.

வலங்கைமானில் வெடி வெடிக்கட்டும். பிள்ளைகள் கைதட்டிச் சிரிக்கட்டும். சிவபெருமான் வலக்கையில் ஏந்திய மான் அங்கேயே பத்திரமாக இருக்கட்டும்!